நான்கு நாள் என்னிடம் இருந்த கடிதம்

கூட்டம் முடிந்து எல்லோரும் பால் விடாத பிளேன்டி குடிக்க எழுந்துவிட்டார்கள். தங்கராசு மட்டும் எழவில்லை. கூட்டம் நடந்தது எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே இருப்பதெல்லாம் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த நாற்காலிகள். எழுபதை நெருங்கும் தங்கராசு முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வர அப்படியொரு நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், ஒரு சந்தேகம்," என்றான்.

"சொல்லு தங்கராசு."

"காயிதம் கைக்கு வந்து சேராம வேல போன பய ஒருத்தனப் பத்தி சொன்னீங்களே, அவன் அப்பறம் என்னா ஆனான்?"

என் கையிலிருந்த பிளேன்டி கால்சட்டையில் சிந்தியது. நல்ல சூடு. நான் அதைத் துடைப்பதாகப் பாவனை செய்துகொண்டு, "அது சும்மா ஒரு உதாரணம். அப்பிடி ஒருத்தன் கெடையாது," என்றேன்.

"இல்லாமயா இம்புட்டு வெவரமா சொன்னீங்க? பாவம் சார் அந்தப் பய. எவன் கையில சிக்குச்சோ அந்தக் காயிதம், அவன் நல்லாவா இருப்பான்?"

இந்த வாரப் பத்தி முழுக்க வாசகரை இழுத்தடித்துக் கடைசியில் அவிழ்க்கும் மர்மமெல்லாம் எனக்கு வராது. இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் தங்கராசுதான். கடிதம் சிக்கிய கை என்னுடையது. ஐம்பது வருடமாக அவனுக்கு அது தெரியாது.

கால் நிற்காத மனிதன்

பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்து ஓய்வுபெற்று வந்த நாளிலிருந்து எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. காலையில் ஹட்டன் பஸ் நிலையம் வரை நடப்பேன். சலூனில் பத்திரிகை பார்ப்பேன். திரும்பி வீட்டுக்கு வருவேன். செருப்பைக் கழற்றுமுன் வேறு ஏதோ ஞாபகம் வந்து மறுபடி படியிறங்குவேன்.

என் மனைவி சரோஜா ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். "முப்பது வருசம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளக் கட்டி மேச்சேன். இப்ப ஒங்களக் கட்டி மேய்க்கணும்னு எழுதியிருக்கு," என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

வாசலில் 'கலாநிதி' என்று முனைவர் பட்டத்தோடு பெயர்ப்பலகை தொங்கவிட்டதும் ஒரு வம்பு. கீழே ஆங்கிலத்தில் டொக்டர் என்று இருக்கிறதல்லவா? லிந்துலையிலிருந்து ஓர் ஆட்டோக்காரர் முதுகுவலியோடு எக்ஸ்ரே படத்தையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நான் மருத்துவன் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாசல் வரை வந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "எலும்புல ஒண்ணும் ஒடவு இல்ல போலிருக்கே," என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். சரோஜா அன்று பூராவும் சிரித்தாள். பலகையை மறுநாளே கழற்றிவிட்டேன்.

இப்படி அலைந்துகொண்டிருந்தவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. லயத்து வீடுகளுக்கு முகவரி வாங்கிக் கொடுக்கும் வேலை.

வெளியூர் வாசகர் சிலருக்கு இது விளங்காது. லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் தொழிலாளர் குடியிருப்பு. அதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஒரே அறை. அந்தக் காம்பராக்களுக்கு இன்றைக்கும் பல தோட்டங்களில் இலக்கம் கிடையாது. பெயர், தோட்டத்துக்குள் எந்த டிவிசன், தோட்டம், பிறகு ஊர், நோர்வூட். விலாசம் அத்தோடு சரி. பரீட்சை அனுமதி அட்டையானாலும், வங்கிக் கடிதமானாலும், கோர்ட்டிலிருந்து வரும் அழைப்பானாலும் எல்லாம் ஒரே பையில் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வந்து விழும்.

கதவுக்குக் கதவு இலக்கம் போட வேண்டும், லயத்துக்கு லயம் தபால் பெட்டி வைக்க வேண்டும் என்று நாங்கள் சில பேர் சேர்ந்து பிரதேச செயலகத்துக்கு மனு எழுதினோம். தோட்டம் தோட்டமாகப் போய்க் கூட்டம் போட்டோம். பேச்சாளர் நான். நாற்பது வருடம் பேசியே சாப்பிட்டவன், விடுவேனா?

எல்லாக் கூட்டத்திலும் அந்தப் பையனின் கதையைச் சொல்வேன். சனம் உச்சுக்கொட்டும். பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பதும் உண்டு. கையெழுத்துத் தாள் மளமளவென்று நிரம்பும்.

நான் பிறந்த தோட்டத்தில் மட்டும் கூட்டம் போடாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். முதலில் மழை என்றேன். பிறகு திருவிழா என்றேன். கடைசியில் தங்கராசுவே ஃபோன் எடுத்து, "என்னா சார், சொந்தத் தோட்டம் ஒங்களுக்குக் கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டான். பிள்ளைக்காம்பராவைக் கூட்டித் துடைத்து, நாற்காலியை எல்லாம் வரிசையாகப் போட்டு வைத்ததும் அவன்தான்.

அங்கே நின்றுகொண்டு அந்தக் கதையைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் போனேன். வாய் பழகிவிட்டது. தொடங்கிய பிறகுதான் எங்கே நின்று எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

லயத்துக் காயிதம்

எங்கள் காலத்தில் கடிதம் வந்து சேருவதற்கு ஒரு முறை இருந்தது. ஆபீஸ் பக்கம் எந்தத் தேவைக்காக யார் போனாலும் கிளாக்கர் ஐயா ஜன்னல் வழியே பார்த்து, "எந்த லயம்?" என்று கேட்பார். லயத்தைச் சொன்னால், அந்த லயத்துக்கு வந்த கடிதம் எல்லாவற்றையும் அள்ளி அந்த ஆளின் கையில் கொடுத்துவிடுவார். கையெழுத்து இல்லை, கேள்வி இல்லை. மருந்து வாங்கப் போனவர் அடுத்த வீட்டுக் கலியாணப் பத்திரிகையோடு திரும்புவார். மாட்டுக்குப் புல்லறுக்கப் போனவர் யாரோ ஒருவருக்கு வந்த மரணச் செய்தியோடு திரும்புவார்.

இதில் யாருக்கும் குறை இருக்கவில்லை. ஒரே கூரை, ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே கடிதக் கட்டு. அடுத்தவன் கடிதத்தை ஒளித்து வைப்பான் ஒருவன் என்று நினைத்துப் பார்க்கவே அந்தச் சனத்துக்குத் தெரியாது.

நான் ஹட்டனில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகக் கடிதத்துக்காகக் காத்திருந்த நாட்கள் அவை. தினமும் ஆபீசுக்குப் போகும் ஒரே ஆள் நான்தான். எங்கள் லயத்துக் கடிதமெல்லாம் என் கை வழியாகத்தான் வந்தது. "வேலு இருக்கான்ல, கொண்டாந்து தந்துருவான்," என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். வேலு என்றால் நான். வேலுச்சாமி.

தங்கராசு பக்கத்துக் காம்பரா. அதற்கு முந்திய சாதாரண தரப் பரீட்சையை இருவரும் ஒன்றாகத்தான் எழுதினோம். கணக்கில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். அவனுடைய அப்பாவுக்குக் கால் முறிந்து வேலை போனதால் மேலே படிக்கவில்லை. எங்கள் லயத்தில் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த ஒன்றிரண்டு குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. அது இருந்தால்தான் அரசாங்க வேலைக்கு எழுதிப் போட முடியும். அவன் எழுதிப் போட்டிருந்தான்.

வகுப்பறைக்குப் போன கதை

விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒழுக்கவியல் பாடம் தந்தார்கள். ஒரு கெடுதலைச் செய்வதும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுக் கெடுதல் வர விடுவதும் ஒன்றா, வேறா? பாடப் புத்தகத்தில் இருந்த உதாரணங்கள் எல்லாம் குளத்தில் மூழ்கும் குழந்தையைப் பற்றி. எங்கள் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

ஒரு நாள் என்னையறியாமல் வாய் திறந்தது. "ஒரு தோட்டம். ஒரு லயம். ஒருவன் பக்கத்து வீட்டுக்காரனின் கடிதத்தைக் கொண்டுவருகிறான். பாடக் கொப்பிக்குள் வைக்கிறான். மறந்துபோகிறான். ஞாபகம் வந்து எடுக்கும்போது நேர்முகப் பரீட்சையின் திகதி கடந்துவிட்டது. இவன் குற்றவாளியா?"

வகுப்பு விழித்துக்கொண்டது. மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. மறந்தது குற்றமாகாது என்று ஒரு பக்கம், கடிதத்தைக் கையில் வாங்கியபோதே பொறுப்பும் வந்துவிட்டது என்று மறுபக்கம். நான் மேசையில் சாய்ந்துகொண்டு இரண்டு பக்கத்துக்கும் வாதம் எடுத்துக் கொடுத்தேன். நல்ல ஆசிரியன் என்று பெயர் வந்தது.

முப்பது வருடம் அந்த உதாரணத்தைச் சொன்னேன். பரீட்சைத் தாளில் கேள்வியாகவும் போட்டேன். விடைத்தாளில் ஒரு மாணவி, 'அவன் உண்மையில் மறந்தானா என்பதை அவனிடமே கேட்க வேண்டும்' என்று ஒரு வரி மட்டும் எழுதி வைத்திருந்தாள். அதற்கு என்ன புள்ளி போட்டேன் என்று ஞாபகமில்லை. அந்தத் தாளை மூடி வைத்துவிட்டு பல்கலைக்கழக வளவுக்குள் இரண்டு சுற்று நடந்தது ஞாபகம் இருக்கிறது.

விரிவுரை மண்டபத்தில் ஒரு தவறை அலசிக்கொண்டேயிருந்தால் அதற்குப் பரிகாரம் செய்வதுபோல ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. எனக்கு வந்தது. தங்கராசு அந்த முப்பது வருடமும் மலையில் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்தான்.

வகுப்பில் சொல்லாதது

நான் மறக்கவில்லை.

அன்றைக்கு ஒரு திங்கட்கிழமை. காலையிலிருந்து தூறல். கிளாக்கர் ஐயா நீட்டிய கட்டில் எனக்கு ஒன்றும் இல்லை. தங்கராசுக்கு நீளமான காவி நிற உறை, மேலே அரசாங்க முத்திரை. அதைப் பார்த்ததும் என் வயிறு எரிந்தது. அந்தச் சொல்லைத்தான் போட வேண்டும், வேறு சொல் தேடி அலங்காரம் பண்ண நான் தயாரில்லை. உயர்தரம் படித்தவன் நான். தினமும் நனைந்துகொண்டு ஆபீசுக்கு நடப்பவன் நான். கடிதம் அவனுக்கா?

நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். நாளைக்கு எனக்கும் வந்துவிடும், இரண்டு பேரும் சேர்ந்து சந்தோஷப்படலாம். இப்படித்தான் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை எனக்கு வரவில்லை. புதனும் வரவில்லை. உறை என் பொருளியல் கொப்பிக்குள் இருந்தது. அந்த மூன்று நாளும் தங்கராசு குழாயடியில், "எனக்கு ஏதாச்சும் வந்துச்சாடா?" என்று கேட்டான். "இல்லடா," என்றேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

வியாழன் சாயங்காலம் உறையைப் பிரித்தேன். திகதியைத்தான் முதலில் தேடினேன். மறுநாள். இடம் கண்டி.

இதைத்தான் நான் வகுப்பில் மாற்றிச் சொன்னது. திகதி கடந்திருக்கவில்லை. அந்த நிமிடம் எழுந்து பக்கத்துக் கதவைத் தட்டியிருந்தால் விடியற்காலை பஸ்ஸில் அவன் போயிருக்கலாம். இரண்டு கதவுக்கும் நடுவே எட்டு அடி இருக்குமா? தட்டினால், நான்கு நாள் இதை ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பானே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, கடிதத்தை அடுப்பில் போட்டேன். அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். "என்னாடா தாளு?" என்றாள். "பழைய கணக்குத் தாளும்மா," என்றேன்.

இரண்டு கிழமை கழித்து என் கடிதம் வந்தது. நான் பல்கலைக்கழகம் போன நாளில் என் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துப் பஸ் றோடு வரை சுமந்தவன் தங்கராசு. என்னைச் சுமக்க விடவில்லை. "நீ பெரிய ஆளாகப் போறவன்டா," என்றான். பஸ் கிளம்பிய பிறகும் கையை ஆட்டிக்கொண்டே நின்றான். அடுத்த மாதம் தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்கு இறங்கிவிட்டான் என்று அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

நான் விரிவுரையாளராகித் திரும்பி வந்தபோது 'டேய்' போய் 'சார்' வந்திருந்தது. வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "சும்மா இருங்க சார், மரியாதைய மரியாதையா வாங்கிக்கணும்," என்பான்.

கோவா பற்றிப் பேசிய நாள்

பிள்ளைக்காம்பராக் கூட்டத்துக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குள் முன்னறைக்கும் குசினிக்கும் நடந்தேன். சரோஜா இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் கரண்டியும் கையுமாக வழியை மறித்து நின்றாள்.

"என்னா விசயம்? சுகரா, கடனா, இல்ல யாரையும் ஏசிட்டீங்களா?"

சொன்னேன். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் முதல் தடவையாக, மாற்றாமல் சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"அந்த மனுசன் நம்ம கலியாணத்துக்கு மூணு நாள் முன்னாடியே வந்து பந்தல் போட்டாரு," என்றாள்.

"தெரியும்."

"போயி சொல்லிட்டு வாங்க. மன்னிப்புக் கேக்கப் போறீங்கன்னா கேட்டுட்டு வாங்க. அங்கயும் போயி பாடம் நடத்திட்டு வராதீங்க."

அன்றைக்கே பஸ் ஏறினேன். நோர்வூட்டில் இறங்கித் தோட்டத்து றோட்டில் நடக்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். பழக்கதோஷம். தங்கராசு லயத்துக்குப் பின்னால், கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸ் வைத்த தன் மரக்கறிப் பாத்தியில் நின்றான். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அந்தத் துண்டு நிலம்தான் அவனுக்கு எல்லாம்.

"வாங்க சார், வாங்க! பாக்கியம், சார் வந்துருக்காரு, தண்ணி கொதிக்க வையி!" என்று சத்தம் போட்டான். பாக்கியம் அவன் மனைவி. நான் வாயைத் திறந்தேன். "கோவா இந்த முறை நல்லா உருண்டிருக்கே," என்றேன்.

அவ்வளவுதான், போயே போச்சு. கோவாவில் பூச்சி, பூச்சிக்கு மருந்து, மருந்து விலை, பன்றி வந்து கிளறிய பாத்தி. ஒரு மணி நேரம் அதையே பேசினோம். திரும்பி வரும்போது இரண்டு கோவாவைப் பையில் போட்டுத் தந்தான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சரோஜா கதவைத் திறந்து பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "நல்லா வருது வாயில," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கோவாவை அவள் சமைக்கவில்லை.

போஞ்சிக் கொடிக்குப் பக்கத்தில்

அடுத்த வாரம் மறுபடி போனேன். இந்த முறை எதையும் வரிசைப்படுத்தவில்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது, மலையின் மேல்பாதி தெரியவில்லை. தங்கராசு போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நான் நின்றபடியே சொல்லத் தொடங்கிவிட்டேன். உட்கார்ந்தால் கோவாவுக்குப் போய்விடுவேன் என்று பயம்.

"தங்கராசு, அந்தக் கதையில வர்ற பய நீதான். காயிதத்தை வச்சிக்கிட்டவன் நான்."

அவன் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான். முடிச்சைப் போட்டு முடித்தான்.

"திங்கக்கெழம வந்துச்சு. வியாழன் வரைக்கும் கொப்பிக்குள்ள வச்சிருந்தேன். நீ கேட்டப்பெல்லாம் இல்லன்னு சொன்னேன். ஒடைச்சிப் பாத்தப்ப அடுத்த நாளு வரச்சொல்லி இருந்துச்சு, கண்டிக்கு, காலையில ஒம்பது மணிக்கு. அப்பக்கூட குடுத்திருக்கலாம். குடுக்கல. அடுப்புல போட்டுட்டேன். எனக்கு வரல, ஒனக்கு வந்துருச்சேன்னு பொறாம. வேற ஒண்ணும் இல்ல தங்கராசு. வெறும் பொறாம."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவன் கையில் கம்பு இருந்தது. அல்லது, விடுங்க சார், அது அந்தக் காலத்துக் கத என்று பெருந்தன்மையாகச் சொல்வான் என்றும் உள்ளுக்குள் ஒரு மூலையில் ஆசை இருந்தது. அந்த ஆசையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவன் இரண்டும் செய்யவில்லை. கம்பைக் கீழே வைத்தான். ஈரமண்ணில் அப்படியே குந்தினான்.

"என்னா வேலடா அது?" என்றான்.

'சார்' போய்விட்டது. அதைக்கூட நான் அப்புறம்தான் கவனித்தேன்.

"என்னது?"

"என்னா வேலைக்குக் கூப்பிட்டிருந்தாய்ங்க?"

எனக்கு அந்த உறையின் நிறம் தெரியும். அன்றைய தூறல் தெரியும். அம்மா கேட்டது தெரியும். முப்பது வருடம் அந்தக் கடிதத்தை வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். அது எந்த வேலைக்கு வந்த கடிதம் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறேனா? யோசித்ததில்லை.

"முழுக்க சிங்களத்துல இருந்துச்சு தங்கராசு. எனக்கு அப்ப சிங்களம் வாசிக்கத் தெரியாது. திகதியும் மணியும் இலக்கத்துல இருந்துச்சு. கண்டின்னு பஸ் போர்டுல பாத்துப் பழகுன எழுத்து. அதுக்கு மேல ஒண்ணும் வெளங்கல."

"ஒரு எழுத்துகூடவா?"

"இல்ல."

"நான் மூணு எடத்துக்குப் போட்டிருந்தேன்." விரலை மடக்கினான். "ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு. தபால் கந்தோருக்கு ஒண்ணு. ரயில்வேக்கு ஒண்ணு. இதுல எது?"

"தெரியல."

"கவர் மூலையில ஏதாச்சும் படம் போட்டிருந்துச்சா? இன்ஜின், கிஞ்சின்?"

"அரசாங்க முத்திரதான். எல்லாத்துக்கும் அதுதான் போடுவாங்க."

"நல்லா யோசிச்சிப் பாரு வேலு. நீ படிச்சவன். ஒனக்கு ஞாபகம் இருக்கும்."

கெஞ்சினான். என்னிடம் அவன் கெஞ்சினான். நான் கண்ணை மூடி யோசித்தேன், சத்தியமாக யோசித்தேன். சிங்களத்தில் இன்று நான் கட்டுரை எழுதுவேன். அந்தத் தாளில் இருந்த சுழித்த எழுத்துகளில் ஒன்றாவது மனக்கண்ணில் வந்து நின்றால் போதும் என்று தவித்தேன். அடுப்புத்தான் தெரிந்தது.

"இல்ல தங்கராசு. தெரியல."

அவன் தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் மண்கட்டி ஒன்றை விரலால் நசுக்கிக்கொண்டிருந்தான். முட்டிக்காலைப் பிடித்து எழுந்தான்.

"சரி. ரயில்வேன்னே வச்சிக்கிறேன்," என்றான்.

பிறகு லயத்துப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டான். "ஏய் பாக்கியம்! என்னய ரயில்வேக்குக் கூப்பிட்டிருக்காங்கடி!"

குசினிப் புகைக்கு நடுவிலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது. "எப்பவாம்?"

"நாளைக்கு. காலையில ஒம்பது மணிக்கு."

"ஆத்தாடி! அப்ப சட்டயத் தொவச்சிப் போடணுமே!" என்று அவள் உள்ளிருந்து சிரித்தாள்.

"வெள்ளச் சட்ட," என்றான் தங்கராசு. அவன் சிரிக்கவில்லை.